கமுந்திங் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் தடுப்பது யார்? சட்டம் என்ன சொல்கிறது?

கமுந்திங் ஸ்டேஷன் பக்கத்தில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நண்பன் வீடு. மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போனால், வெயிலில், நடந்து இருபது நிமிடம். வேலியில் ஓரிடத்தில் கம்பி விலகிக் கிடக்கிறது. அதில் நுழைந்தால் ஒரே நிமிடம். "எல்லாரும்தான் போறாங்க" என்று நீங்களும் ஒருநாள் நுழைகிறீர்கள். அந்தப் பக்கம் சீருடையில் ஒருவர் நின்றுகொண்டு, "நில்லு, எங்க போற?" என்கிறார்.

அவர் யார்? போலீஸா, காவலாளியா, கேடிஎம் ஊழியரா? உங்களைப் பிடித்து வைக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? நீங்கள் எதையும் திருடவில்லை, உடைக்கவில்லை. பிறகு எது குற்றம்? பேருந்து விஷயத்தில் ஜேபிஜே, போலீஸ், சம்மன் என்று நமக்கு ஓரளவு தெரியும். ரயில் என்று வந்தால், தினமும் இடிஎஸ்ஸில் போய்வருபவர்களுக்குக்கூட இது புதிர்தான்.

பாட்டி நடந்த பாதை

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நாங்க ரயில் ரோட்டோரமாத்தான் ஸ்கூலுக்கு நடந்து போவோம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். என் பாட்டியும் சொல்வார். தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கு அதுதான் நேர்வழி. அப்போது ரயில் குறைவு, வேகமும் குறைவு. தூரத்திலேயே சத்தம் கேட்கும், ஒதுங்கி நிற்க நேரமும் இருக்கும்.

இந்த வட்டாரத்தில் தண்டவாளம் ஏதோ நேற்று வந்ததில்லை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர்தான். லாருட் வட்டாரத்து ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் முதல் வேலை. அந்த ஈயம் கிடைத்த சுரங்க ஊர்களில் கமுந்திங்கும் ஒன்று. பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். அதன் பிறகு பல தலைமுறைகளாக ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்களும், தண்டவாளப் பராமரிப்பில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் நிறைய இருந்தார்கள். போர்ட் வெல்டுக்கு இன்று கோலா செபெத்தாங் என்று பெயர். அங்கே ரயில் இல்லை, பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. போனால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தாராளமாக எடுக்கலாம், தண்டவாளம் கிடையாது.

ஆக, தண்டவாளம் என்பது நம் ஆட்களுக்கு வேலை செய்த இடம், குடியிருந்த இடம், நடந்த பாதை. "அங்கே கால் வைப்பதே குற்றமா?" என்று பெரியவர்கள் ஆச்சரியப்படுவது அதனால்தான்.

இப்போது என்ன மாறிவிட்டது?

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட மின்சார இரட்டைத் தண்டவாளம் கமுந்திங் வழியாகத்தான் போகிறது. 2015 முதல் அதில் இடிஎஸ் ஓடுகிறது. அதிகபட்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர்.

அந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். மணிக்கு 140 என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, பிரேக் போட்டு, ரயில் முழுமையாக நிற்பதற்குள் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கும். கார் மாதிரி ஒடித்துத் திருப்பவும் முடியாது. டீசல் எஞ்சினின் இரைச்சலும் இதில் இல்லை. காதில் இயர்போன் இருந்தால் கேட்கவே கேட்காது.

இன்னொன்று, தலைக்கு மேலே போகும் கம்பி. அதில் ஓடுவது 25,000 வோல்ட், வீட்டு மின்சாரத்தைப் போல நூறு மடங்குக்கும் அதிகம். இந்த அளவு மின்னழுத்தத்தில் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். சரக்கு வண்டியின் மேல் ஏறிப் படம் எடுப்பவர்கள், கம்பியில் சிக்கிய பட்டத்தை நீளமான குச்சியால் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இந்தத் திட்டத்தில்தான் பழைய கேட்டுகள் மூடப்பட்டு, மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் கட்டப்பட்டன. வாகனத்துக்கு அது நல்லது. நடந்து போகிறவருக்கு? முன்பு கேட்டைத் தாண்டி நேராகப் போனவர் இன்று பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வேலியில் ஓட்டை ஏன் விழுகிறது என்பதற்குப் பதில் இதில் பாதி இருக்கிறது.

ஒரு தண்டவாளம், பல எஜமானர்கள்

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் ரயில் என்பது ஒரே அலுவலகத்தின் கையில் இல்லை. 1948 ரயில்வே சட்டத்தின் கீழ் எல்லாமே ஓர் அரசாங்க இலாகாவாக இருந்தது. 1991-இல் புதிய சட்டங்கள் வந்தன. 1992-இல் அந்த இலாகா கேடிஎம்பி என்ற நிறுவனமாக மாறியது. அதே சமயம் நிலமும் சொத்துகளும் ரயில்வே சொத்துக் கழகம் என்ற அரசு அமைப்பின் பெயருக்குப் போயின. அதாவது, ரயிலை ஓட்டுவது ஒருவர், தண்டவாளம் கிடக்கும் நிலம் இன்னொருவருடையது.

மேற்பார்வை செய்வது மூன்றாவது ஆள். தீபகற்ப மலேசியாவுக்கான 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம்தான் இப்போது ரயிலுக்கும் அடிப்படை. முதலில் ஸ்பாட் என்ற ஆணையம் இதைக் கவனித்தது. அது கலைக்கப்பட்டு, 2019 ஜனவரி முதல் போக்குவரத்து அமைச்சின் கீழ் அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. ரயில் நடத்த உரிமம் கொடுப்பதும், பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதும் இவர்கள்தான்.

இதனால்தான் "வேலி உடைஞ்சிருக்கு, யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வருவதில்லை.

நான் எதுவும் செய்யவில்லையே, அப்புறம் எப்படிக் குற்றம்?

எச்சரிக்கைப் பலகையில் மலாயில் "டிலாராங் மென்சரோபோ" என்று இருக்கும். தமிழில் அத்துமீறி நுழைதல். கேட்டவுடன் ஏதோ கொள்ளைக்காரன் பட்டம் மாதிரித் தோன்றும்.

தண்டனைச் சட்டத்தில் சொல்லப்படும் குற்ற அத்துமீறலுக்கு ஒரு நோக்கம் வேண்டும். குற்றம் செய்யவோ, அந்த இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ நினைத்து நுழைந்திருக்க வேண்டும். ரயில் பாதை விஷயம் வேறு. அனுமதி இல்லாமல் அந்த இடத்துக்குள் போவதுதான் அங்கே பிரச்சினை. செல்ஃபிக்காகவா, டிக்டாக்குக்காகவா, நண்பன் வீட்டுக்காகவா என்பது குற்றமா இல்லையா என்பதை மாற்றாது. "எல்லாரும் போறாங்க" என்பதும் பதில் ஆகாது.

(பேராக்கில் மிகப் பிரபலமான அத்துமீறல் மனிதனுடையது இல்லை. 1894-இல் தெலுக் ஆன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான் பாதையில் ஒரு காட்டு யானை ரயிலை முட்டித் தடம்புரள வைத்து, தானும் இறந்தது. அதற்கு ஒரு நினைவுப் பலகையே இருக்கிறது. நமக்கெல்லாம் பலகை வைக்க மாட்டார்கள்.)

கல்லெறிவது இதைவிடக் கனமான விஷயம். ரயில் மீது கல்லெறியும் சம்பவங்கள் பற்றி கேடிஎம்பி பல முறை எச்சரித்திருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வரும் ரயிலில் ஒரு சின்னக் கல் பட்டாலும் அதன் அடி சின்னதாக இருக்காது. இங்கே ரயில் சட்டத்தோடு தண்டனைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்: சொத்துக்குச் சேதம் விளைவித்தது, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியது. சமிக்ஞைக் கேபிளை வெட்டி விற்பது திருட்டு மட்டுமில்லை, அந்தப் பாதையில் வரும் எல்லா ரயிலையும் அது நிறுத்திவிடும்.

"சின்னப் பசங்கதானே" என்றால்? 10 வயதுக்குக் கீழ் என்றால் குற்றப் பொறுப்பு இல்லை. 10 முதல் 12 வரை, செய்வது என்னவென்று புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். 18-க்குக் கீழ் உள்ளவர்களின் வழக்கு, 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, பொதுவாகக் குழந்தைகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகும். படிவம் மூன்று படிக்கும் தம்பி கல்லெறிந்தால் அப்பா கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சீருடையில் நின்றவர் யார்?

கேடிஎம்பிக்குச் சொந்தமாகத் துணைப் போலீஸ் பிரிவு உண்டு. துணைப் போலீஸ் என்பது பேரங்காடியில் நிற்கும் காவலாளி இல்லை. 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படுகிறவர்கள். சம்பளம் நிறுவனத்துடையது, அதிகாரம் சட்டத்துடையது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு எல்லை இருக்கிறது. அந்த நிறுவனம் சார்ந்த இடத்திலும் பணியிலும்தான் அது செல்லும். ஸ்டேஷனிலும் தண்டவாளத்திலும் அவர் உங்களைத் தடுத்து நிறுத்தலாம். அதே ஆள் பாசார் மாலாமில் வந்து உங்கள் பையைத் திறக்கச் சொல்வது வேறு கதை.

சாதாரணக் காவலாளியோ, கோபத்தில் இருக்கும் பொதுமக்களோ பிடித்தால் அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு பொருந்தும். கண்ணெதிரே நடக்கும் கடுமையான குற்றங்களுக்குத்தான் தனிமனிதர் ஒருவரைப் பிடிக்கலாம். பிடித்தவுடன் தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பது, அறையில் பூட்டி வைப்பது, வீடியோ எடுத்து அவமானப்படுத்துவது எதுவும் அதில் இல்லை.

விசாரணையும் வழக்கும் என்று வந்தால் அரச மலேசிய போலீஸ் படையிடம் போகும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்கவும் வழக்கறிஞரிடம் பேசவும் 28ஏ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது, சில விதிவிலக்குகளோடு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இவை ரயிலுக்கு மட்டுமான உரிமைகள் இல்லை, எந்தக் கைதுக்கும் பொருந்துபவை. ஸ்டேஷன் அறை என்பதால் மட்டும் இவை காணாமல் போய்விடாது.

தவறு ரயில் பக்கம் இருந்தால்?

நடந்து போகிறவர் தவறு செய்தால் யார் பிடிப்பார், எந்தச் சட்டம் என்பது இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ரயில் பக்கம் தவறு நடந்தால் அதே தெளிவு இருக்கிறதா?

2021 மே 24, இரவு. கோலாலம்பூர் கிளானா ஜெயா எல்ஆர்டி பாதையில், கேஎல்சிசிக்கும் கம்போங் பாருவுக்கும் இடையே சுரங்கத்துக்குள், பயணிகளோடு வந்த ரயிலும் காலியாக வந்த ரயிலும் நேருக்கு நேர் மோதின. 213 பேர் காயம், அதில் 47 பேருக்குக் கடுமையான காயம். இரத்தக் கறையோடு இருக்கைகளில் மக்கள் கிடந்த படங்கள் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும்.

விசாரித்தது யார்? போக்குவரத்து அமைச்சு ஒரு சிறப்புப் பணிக்குழுவை அமைத்தது. ஆட்கள் ஓட்டிவந்த காலி ரயில் தவறான திசையில் நகர்ந்ததும், மனிதக் கவனக்குறைவும் காரணம் என்று சில வாரங்களில் சொல்லப்பட்டது. வேகமான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் உரிமம் கொடுக்கும் அபாட் அதே அமைச்சின் கீழ். ரயில் நிறுவனமும் அரசாங்கத்தினுடையது. விமான விபத்துக்கென்று நம்மிடம் தனிப் புலனாய்வுப் பிரிவு இருந்தது. ரயிலுக்கு அப்படி நிரந்தரமாக ஒன்று அப்போது இல்லை. விபத்து நடந்த பிறகு குழு அமைப்பதற்கும், ஏற்கெனவே ஆட்களும் அதிகாரமும் அனுபவமும் உள்ள அமைப்பு மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் ரயில்வே அமைச்சின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கிறார்கள். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். காரணம் எளிது: ரயிலை நடத்துகிறவர் விசாரிக்கிறவருக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி சென்னைக்கு வடக்கே கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா விரைவு ரயில், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது விசாரணைக்கு வந்தவரும் அப்படி ஓர் ஆணையர்தான். அதனால் அங்கே விபத்து நின்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. பரிந்துரைகளை நிறைவேற்றுவது இன்னொரு போராட்டம்.

பிரிட்டனில் 1999-இல் லண்டன் லாட்புரோக் குரோவில் 31 பேர் இறந்த மோதலுக்குப் பிறகுதான் தனி ரயில் விபத்துப் புலனாய்வுப் பிரிவு வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. 2005-இல் அது செயல்படத் தொடங்கியது. யாரைத் தண்டிப்பது என்பது அதன் வேலை இல்லை. மறுபடி எப்படி நடக்காமல் தடுப்பது என்பதை மட்டும் எழுதும். தண்டனை பயம் இல்லாதபோதுதான் ஓட்டுநரும் கட்டுப்பாட்டு அறை ஊழியரும் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது அதன் பின்னால் உள்ள கணக்கு.

வேலி ஓட்டைக்கும் இதே கேள்விதான். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஆட்கள் கடக்கிறார்கள் என்றால் அத்தனை பேரையும் பிடித்து வழக்குப் போடலாம். அல்லது அங்கே ஏன் நடைபாலம் இல்லை என்று யாராவது எழுதிக் கேட்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது அரை வேலை.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். வேலி உடைந்திருப்பதைப் பார்த்தால், வெளியே நின்றபடியே படம் எடுத்து, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் பலகையின் எண்ணையோ மேம்பாலத்தையோ குறித்துக்கொண்டு, ஸ்டேஷன் கவுண்டரில் அல்லது கேடிஎம்பியிடம் எழுத்தில் கொடுங்கள். நடைபாதை வேண்டும் என்பது தனிக் கோரிக்கை. அதைப் போக்குவரத்து அமைச்சுக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள், நகல் அபாட்டுக்கு. தண்டவாளத்தில் யாராவது விழுந்து கிடந்தாலோ, கம்பி அறுந்து தொங்கினாலோ உள்ளே இறங்காதீர்கள். 999-ஐ அழைத்து, முதல் வாக்கியத்திலேயே "ரயில் தண்டவாளம்" என்று சொல்லுங்கள். மேலே மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ரயில்கள் நிறுத்தப்பட்ட பிறகுதான் தீயணைப்பு வீரர்களே பாதையில் காலை வைப்பார்கள்.