கூரைக்குள் ஒளிந்திருக்கும் காற்றுக்குழாய்: வரைபடத்தில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

நீங்கள் கடைசியாகச் சென்ற கடைத்தொகுதியை நினைத்துப் பாருங்கள். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே நுழைந்ததும் சில்லென்ற காற்று. அது எங்கிருந்து வருகிறது? நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக் கூரையும் அதில் சில சதுரத் துவாரங்களும்தான் தெரியும். குளிர்காற்றைச் சுமந்து வரும் பெரிய பெட்டி போன்ற குழாய்கள் அந்தப் பொய்க்கூரைக்கு மேலே ஒளிந்திருக்கின்றன. கட்டுமானத் துறையினர் அவற்றை 'டக்ட்' என்பார்கள். நாம் காற்றுக்குழாய் என்று அழைப்போம்.

எல்லாக் கட்டடங்களும் இவற்றை ஒளித்து வைப்பதில்லை. பாரிஸ் நகரில் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொம்பிடூ கலை மையத்தில் குழாய்கள் எல்லாம் கட்டடத்தின் வெளிப்புறத்திலேயே ஓடுகின்றன. காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள் என நிறம் தீட்டியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தாலே எது எந்தக் குழாய் என்று சொல்லிவிடலாம்.

நம் கட்டடங்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. அதனால் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். ஆனால், உள்ளதை எல்லாம் காட்டும் வரைபடம் எவருக்கும் பயன்படாது. விளக்கு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் குழாய், உத்திரம், கதவு எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் கோடுகளின் காடுதான் மிஞ்சும்.

ஒரு மாதிரி, பல காட்சிகள்

முன்பு ஒவ்வொரு வரைபடத்தையும் தனித்தனியாக வரைந்தார்கள். இப்போது 'ரெவிட்' போன்ற மென்பொருள்களில் முழுக் கட்டடத்தையும் முப்பரிமாண மாதிரியாக உருவாக்குகிறார்கள். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடத் திட்டங்கள் இத்தகைய மாதிரியாகவே அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது.

மாதிரி ஒன்றுதான். அதிலிருந்து எத்தனை காட்சிகளை வேண்டுமானாலும் எடுக்கலாம். மேலிருந்து பார்ப்பது ஒரு காட்சி, கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது இன்னொரு காட்சி. ஒவ்வொரு காட்சியிலும் காற்றுக்குழாய் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தனித்தனியாக முடிவு செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மாறுவது தோற்றம்தான். குழாய் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

ஒரு கோடா, இரண்டு கோடா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 600 மில்லிமீட்டர் அகலக் குழாயை 1:100 என்ற அளவில் வரைந்தால் தாளில் அது 6 மில்லிமீட்டர். இரண்டு பக்க விளிம்புகளையும் தெளிவாக வரையலாம். அதையே 1:500 அளவில் வரைந்தால் 1.2 மில்லிமீட்டர்தான். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும்.

குளிர்ந்த குழாய்க்கு வெப்பக்காப்பு உறையும் உண்டு. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். உறை இல்லாவிட்டால், பனிக்கட்டி போட்ட குவளையைப்போல் குழாய் வியர்த்து, பொய்க்கூரையில் தண்ணீர் சொட்டும். அந்த உறையின் தடிமன் 25 மில்லிமீட்டர் என்றால், 1:100 வரைபடத்தில் அது வெறும் 0.25 மில்லிமீட்டர். அச்சிடும் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

அதனால்தான் ரெவிட்டில் மூன்று விவர நிலைகள் உள்ளன. குறைந்த விவர நிலையில் காற்றுக்குழாய் ஒற்றைக் கோடாகத் தெரியும். நடுத்தர நிலையிலும் நுண்ணிய நிலையிலும் இரட்டைக் கோடாக மாறும். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு ஒற்றைக் கோடு. அகலம் தெரிய வேண்டியவருக்கு இரட்டைக் கோடு.

எது மேலே, எது கீழே?

இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று கடக்கின்றன. மேலிருந்து பார்க்கும் படத்தில் எது உயரத்தில் இருக்கிறது என்று எப்படி அறிவது? கடக்கும் இடத்தில் கீழ்க்குழாயின் கோட்டை மென்பொருள் சற்றே துண்டித்து இடைவெளி விடும் அல்லது விட்டுவிட்டு வரும் கோடாகக் காட்டும். வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்தில் மறைந்த விளிம்புகளை நீங்கள் வரைவதும் இப்படித்தானே? அந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் வரைபவரே அமைக்கலாம்.

நிறமும் உதவும். குளிர்காற்றைக் கொண்டுவரும் குழாய், அறைக் காற்றைத் திரும்ப எடுத்துச் செல்லும் குழாய், கழிவறைக் காற்றை வெளியேற்றும் குழாய் ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். 'வடிகட்டி' என்ற வசதியைக் கொண்டு ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம், தேவையற்ற வகையை மறைக்கவும் செய்யலாம். பொம்பிடூ மையம் சுவரில் செய்ததை இவர்கள் திரையில் செய்கிறார்கள்.

மறைத்தது மறந்துபோனால்?

இங்கேதான் கவனம் தேவை. ஒரு மாடியின் தளத்திலிருந்து அடுத்த தளம் வரை 3,600 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேல்தளத்தின் தடிமன் 150, அதற்குக் கீழே தொங்கும் உத்திரம் 600. உத்திரத்தின் அடிப்பகுதி 2,850 உயரத்தில் வரும். பொய்க்கூரை 2,600 உயரத்தில் என்றால் நடுவே மிஞ்சுவது 250 மில்லிமீட்டர். குழாயின் உயரமோ 300. மேலும் கீழும் உறையைச் சேர்த்தால் 350. உள்ளே நுழையாது!

மேலிருந்து பார்க்கும் படத்தில் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. அங்கே உத்திரமும் குழாயும் அழகாகக் கடந்து செல்லும். குறுக்குவெட்டுக் காட்சியில்தான் 100 மில்லிமீட்டர் பற்றாக்குறை வெளிப்படும். கண்டுபிடிக்காமல் விட்டால், குழாயைப் பொருத்த வந்தவர் ஏணியில் நின்றபடி அதைக் கண்டுபிடிப்பார்.

மோதல்களைத் தேடும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், மாதிரியை ஒரு குறிப்பிட்ட காட்சியிலிருந்து அந்த மென்பொருளுக்கு அனுப்பும்போது, அக்காட்சியில் மறைக்கப்பட்டவை போய்ச் சேராமல் இருக்கக்கூடும். போகாத குழாய் எதனுடனும் மோதாது. சோதனை முடிவு 'பிழை இல்லை' என்று வரும்!

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தீயைத் தடுக்கும் சுவரைக் காற்றுக்குழாய் துளைத்துச் செல்லும் இடத்தில் 'ஃபயர் டேம்பர்' என்ற மடல் பொருத்தப்படும். தீயின் வெப்பத்தில் அதன் உலோக இணைப்பு உருகியதும், மடல் தானாக மூடி, குழாய் வழியாகத் தீ பரவாமல் தடுக்கும். ரெவிட்டில் காற்றுக்குழாய் ஒரு பிரிவு. டேம்பர் போன்ற துணைப்பொருள்கள் வேறொரு பிரிவு. படம் நெருக்கமாக இருக்கிறதே என்று யாராவது துணைப்பொருள் பிரிவை அணைத்துவிட்டால், குழாய் தெரியும், டேம்பர் தெரியாது. மாதிரியில் அது பத்திரமாக இருக்கும். ஆனால் அச்சிட்ட தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு அது இல்லாத பொருள்தான்.

அதனால், ஒரு காட்சியில் எதையாவது மறைக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் படத்தைப் பார்க்கப்போவது யார்? அவர் தம் வேலையைச் சரியாகச் செய்ய எது கட்டாயம் தெரிய வேண்டும்?

நாளை பள்ளிக்குச் செல்லும்போது சுவரில் மாட்டியிருக்கும் அவசரகால வெளியேறும் வழிப் படத்தைப் பாருங்கள். அதில் ஒரு காற்றுக்குழாய்கூட இருக்காது. அது பிழையன்று. புகைக்கு நடுவே ஓடுபவருக்குக் கதவும் படிக்கட்டும் தெரிந்தால் போதும். அதே மாடியைக் காட்டும் இன்னொரு படம், டேம்பரைப் பொருத்துபவருக்காக எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். அதில் அந்தச் சிறு குறியீடு விடுபடாமல் இருப்பதைப் பொறுத்தது, ஓடுபவருக்குக் கிடைக்கும் நேரம்.