வெளிநாட்டு டிரிப்புக்கு கேமரா வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

டிக்கெட் போட்டாச்சு, விசாவும் வந்தாச்சு. அடுத்து வரும் கேள்வி: 'இவ்வளவு தூரம் போறோம், ஒரு நல்ல கேமரா வாங்கிடலாமா?' யூடியூப்பைத் திறந்தால் எல்லோரும் ஃபுல் ஃப்ரேம் என்கிறார்கள். பாடியும் லென்ஸும் சேர்ந்தால் லட்சங்களில் போகும். பயணம் பத்து நாளில் முடிந்துவிடும், இஎம்ஐ ஒரு வருஷம் ஓடும்.

எந்த கேமரா சிறந்தது என்பதைவிட, உங்களுக்கு எது தேவை, அதை எவ்வளவு தூரம் தூக்குவீர்கள், திரும்பி வரும்போது சுங்கத்துறை என்ன கேட்கும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முடிவு எடுப்பது சுலபம்.

எனக்கு எது தேவைன்னு எப்படித் தெரியும்?

பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. கடைசி டிரிப்பில் உங்களுக்குப் பிடித்த 100 படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேலரியில் ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் திறந்தால் எந்த லென்ஸ், எவ்வளவு ஐஎஸ்ஓ, என்ன ஷட்டர் வேகம் என்று காட்டும். நான்கு கட்டம் போட்டு எண்ணுங்கள்: அகலமாக எடுத்தவை, சாதாரண 1எக்ஸ், ஜூம் செய்தவை, இரவு அல்லது கட்டடத்துக்குள் எடுத்தவை. ஒரே படம் இரண்டு கட்டத்தில் வந்தாலும் பரவாயில்லை.

பெரும்பாலானவை பகல் வெளிச்சத்தில் 1எக்ஸில் எடுத்தவையா? புது கேமரா உங்கள் படங்களைப் பெரிதாக மாற்றாது, போனே போதும். ஜூம் படங்கள் அதிகமாக இருந்து, பெரிதாக்கினால் பிசிறடிக்கிறதா? உங்களுக்குத் தேவை டெலி லென்ஸ். இரவுப் படங்கள்தான் சொதப்புகிறதா? பெரிய சென்சாரோ, எஃப் 1.8 போன்ற அகலத் துளை லென்ஸோ வேண்டும்.

பெரிய சென்சார்னா எவ்வளவு பெருசு?

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 x 24 மி.மீ. பரப்பளவு 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 367. உயர்ரக போன்களின் முதன்மை சென்சார் சுமார் 70. அதாவது போனிலிருந்து ஏபிஎஸ்-சிக்குப் போனால் ஐந்து மடங்கு. அங்கிருந்து ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் இரண்டரை மடங்குக்கும் குறைவுதான். பெரிய தாவல் முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது.

லென்ஸும் இதே வேலையைச் செய்யும். எஃப் 4 லென்ஸைவிட எஃப் 1.8 லென்ஸ் சுமார் ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதனால் இரவுப் படங்களுக்கு ஃபுல் ஃப்ரேம் பாடிக்குத் தாவும் முன், ஏபிஎஸ்-சி பாடியோடு ஒரு 35 மி.மீ எஃப் 1.8 லென்ஸின் விலையைப் பாருங்கள்.

மெகாபிக்சலுக்காகப் பணம் கொட்டத் தேவையில்லை. 4கே டிவியில் முழுத்திரையாகத் தெரியும் படமே 8.3 மெகாபிக்சல்தான்.

எடை அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். சோனி ஏ7 4 பாடி சுமார் 660 கிராம், அதற்கான 24-70 மி.மீ எஃப் 2.8 ஜிஎம் 2 லென்ஸ் 695 கிராம். மொத்தம் 1.35 கிலோ. அதே நிறுவனத்தின் ஏ6400 பாடி 403 கிராம், 18-135 மி.மீ லென்ஸ் 325 கிராம். மொத்தம் 728 கிராம். கிட்டத்தட்ட பாதி. பல விமான நிறுவனங்களில் கைப்பைக்கு வரம்பே 7 கிலோதான். ஒரு நாளைக்கு 20,000 அடி நடக்கும் ஊரில், மூன்றாம் நாள் ஹோட்டல் அறையிலேயே தங்கிவிடும் கேமராவால் பயனில்லை.

உபரி பேட்டரியையும் பவர் பேங்க்கையும் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாக விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரி அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74.

அங்கேயே வாங்கினா மலிவாச்சே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா இங்கே 2,00,000 ரூபாய், அங்கே 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். லாபம் 40,000 போலத் தெரியும்.

2016 பேக்கேஜ் விதிகள் வைத்த வரியில்லா வரம்பு 50,000 ரூபாய். மீதி 1,10,000-க்கு, அந்த விதிகளின் காலத்தில் வசூலிக்கப்பட்ட 38.5 சதவீத வரி போட்டால் 42,350 ரூபாய். லாபம் போய் 2,350 ரூபாய் நஷ்டம். வரம்பை 75,000 என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் வரி 32,725. மிச்சம் 7,275 ரூபாய்தான். வரம்பும் விகிதமும் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அன்றைய எண்களைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள்.

வாரன்ட்டி இன்னொரு சிக்கல். அங்கே வாங்கியது இங்குள்ள சர்வீஸ் சென்டரில் செல்லுமா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். ஜப்பானில் உள்நாட்டுச் சந்தைக்காக விற்கும் சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும்.

இங்கிருந்து கொண்டுபோனதுக்கும் வரி கேட்பாங்களா?

பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு வரி இல்லை. ஆனால் புதுசு போலத் தெரியும் கேமராவை, அங்கே வாங்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் 'எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்' இருக்கிறது. கிளம்பும் நாளில் விமான நிலைய சுங்கத்துறை கவுன்டரில் கேமராவையும் பில்லையும் காட்டினால், சீரியல் எண்ணைக் குறித்து சான்றிதழ் தருவார்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் போதும். கேமராவைக் கையில் காட்ட வேண்டும் என்பதால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

அங்கே போய் எப்படி எடுப்பது?

கேமரா கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு படங்களை வரிசைப்படுத்தும் தலைவலி இருக்காது. முடிந்தால் ரா கோப்பாகவும் பதியுங்கள். பனிமலையில் கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். பிரபலமான இடங்களுக்கு சூரியன் எழும் நேரத்தில் போனால் நல்ல வெளிச்சமும் கிடைக்கும், கூட்டமும் குறைவாக இருக்கும்.

நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. மொராக்கோவுக்குள் டிரோன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவரை அனுமதியின்றிப் படமெடுப்பது வழக்கில் முடியலாம். கியோட்டோவின் கியோன் பகுதியில், தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பதை அவமதிப்பாகப் பார்ப்பார்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேமராவைக் காட்டி ஒரு தலையசைப்பில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேமரா தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், படங்களை வாங்க முடியாது. தினமும் இரவு போனுக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ ஒரு பிரதி எடுங்கள். மெமரி கார்டையும் அந்தப் பிரதியையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

சரி, கடைசியா என்ன செய்யலாம்?

நான்கு கட்டக் கணக்கு 'போன் போதும்' என்று சொன்னால் அதை நம்புங்கள். அந்தப் பணத்தில் அந்த ஊரில் இன்னும் சில நாள் தங்கலாம். 'கேமரா வேண்டும்' என்று வந்தால், குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கி, உள்ளூர்ச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் எடுத்துப் பழகுங்கள். புது கேமராவின் மெனுவை ஈஃபிள் கோபுரத்தடியில் நின்று கற்றுக்கொள்ளக் கூடாது.