மேசையும் பப்பாளியும் சொல்லும் மொழி

புதுக்கோட்டை நகரை ஒட்டி உள்ள ஊர், திருக்கோகர்ணம். மலையைக் குடைந்து எடுத்த பழம்பெரும் கோவிலும், 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன.

அந்த ஊரில் ஒரு வீடு. "மேசை மேலே பப்பாளி இருக்கு. எடுத்துச் சாப்பிடுடா!" என்று அம்மா பிள்ளையிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

அம்மா பேசியது நல்ல தமிழ்தான். ஆனாலும் அதில் கடல் கடந்த காற்று கொஞ்சம் வீசுகிறது!

"மேசை" என்பது போர்ச்சுகீசியர் மூலம் வந்த சொல். ஸ்பானிய மொழியிலும் அது "மேசா"தான். இரண்டும் அக்காள், தங்கை மொழிகள். பப்பாளியோ அமெரிக்கக் கண்டத்துப் பழம். ஸ்பானியர் வாயில் அது "பப்பாயா". நம் வாயில் பப்பாளி.

அந்தப் பிள்ளை, "நான் ஸ்பானிய மொழி படிக்கப் போகிறேன்" என்றால், வீட்டில் என்ன நடக்கும்?

"அந்நிய மொழி தலைக்குள் புகுந்தால், தாய்மொழி மறந்து போகுமே!" என்பார் தாத்தா.

இந்தப் பயம் சரிதானா?

கஷ்டமான மொழியா?

ஸ்பானிய மொழி சுமார் 20 நாடுகளில் ஆட்சி மொழி. 45 கோடிக்கும் அதிகமான மக்களுக்குத் தாய்மொழி.

அதன் தாய், லத்தீன். அந்தத் தாய் நமக்குப் புதியவள் அல்ல. புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பொறித்திருந்தது லத்தீன் எழுத்து!

தமிழருக்கு இந்த மொழி எளிதாகவே வரும். ஆங்கிலத்தைப் போல, எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற தொல்லை அதிகம் இல்லை. நம் "ஞ" அங்கேயும் உண்டு. "நாளை" என்பதற்கு "மஞானா" என்று சொல்வார்கள்.

"பெரோ" என்றால் "ஆனால்" என்று பொருள். அதிலுள்ள "ர" ஓசையை அழுத்தி உருட்டினால், "நாய்" என்று பொருள்! "அரை" வேறு, "அறை" வேறு என்று படித்த நமக்கு இது வியப்பாக இராது.

நாம் "நீ", "நீங்கள்" என்கிறோம். அவர்கள் "தூ", "உஸ்தெத்" என்கிறார்கள். "ஆப்லோ" என்றால் "பேசுகிறேன்". "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலும் அப்படித்தானே?

ஒரு கஷ்டம் உண்டு. உயிர் இல்லாத பொருளுக்கும் அங்கே ஆண், பெண் உண்டு. மேசை பெண். புத்தகம் ஆண்! இங்கேதான் மனம் சலிக்கும். இதைத் தாண்டியவருக்கு மொழி வசப்படும்.

தாத்தாவுக்குப் பதில்

தாத்தாவின் பயத்துக்கு ஒருவர் வாழ்க்கையே பதில். அவர்தான் தனிநாயகம் அடிகள்.

1913-ல் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்தவர். ரோமாபுரியில் படித்துப் பாதிரியார் ஆனார். லத்தீன், இத்தாலியம், ஸ்பானியம், போர்ச்சுகீசியம் என்று பல மொழிகளைக் கற்றார்.

தமிழை ஆழ்ந்து படித்தது எப்போது? அதற்குப் பிறகுதான்! நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஒரு பண்டிதரிடம் தமிழ் பயின்றார். 1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது வயது 32.

கற்ற மொழிகள் வீண் போகவில்லை. 1554-ல் லிஸ்பன் நகரில் தமிழும் போர்ச்சுகீசியமும் சேர்ந்த ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த நூலை அவர் தமிழ் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார்.

1679-ல் அச்சான தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி ஒன்று வாத்திகன் நூலகத்தில் இருந்தது. அதையும் 1966-ல் மறுபடி வெளிவரச் செய்தார். முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அதே ஆண்டுதான். அதை முன்னின்று நடத்தியவரும் அவரே.

அயல்மொழி அவரிடமிருந்து தமிழைப் பறித்ததா? இல்லை. தொலைவில் கிடந்த தமிழைத் தேடிக் கொடுத்தது!

எப்படித் தொடங்குவது?

ஒரே நாளில் 100 சொல் வேண்டாம். நாளைக்கு 3 சொல் போதும். வீட்டில் உள்ள பொருள்களிலிருந்து தொடங்கலாம். கற்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தம்பி, தங்கைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பிறகு சின்னக் கதை. அதன் பிறகு பெரிய நூல். 1605-ல் வெளிவரத் தொடங்கிய, செர்வாண்டிஸின் "டான் குவிக்ஸோட்" கதையை அவர் எழுதிய மொழியிலேயே படிக்கும் நாளும் ஒருநாள் வரும்.

"மஞானா" என்றால் நாளை. அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால், படிப்பைத் தொடங்குவதற்கு மட்டும் அதைச் சொல்லக்கூடாது!