கோடையின் கடைசி மழை: சேர்வராயன் மலை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் நாட்களில் சேர்வராயன் மலையின் வானம் ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் தெளிவாக இருக்கும். நண்பகலில் மேகம் திரளும். பிற்பகலில் இடி முழங்கும். மழை நாகலூரில் கொட்டிவிட்டு மஞ்சக்குட்டையில் ஒரு தூறல்கூடப் போடாமல் போய்விடுவதும் உண்டு. ஏற்காட்டுச் சந்தைக்கு வரும் விவசாயிகளைக் கேட்டால், "எங்கள் தோட்டத்தில் நல்ல மழை" என்று ஒருவரும், "எங்களுக்கு இல்லை" என்று மற்றொருவரும் கூறுவர். இருவர் கூறுவதும் உண்மையாகவே இருக்கும்.

இந்தச் சில வார மழையை நம்பித்தான் காப்பியின் காய்ப்பிடிப்பு, மிளகின் சரம், சாமை விதைப்பு ஆகிய மூன்றும் உள்ளன. உரமிடுவதும் மருந்து தெளிப்பதும் இந்த நாட்களில்தான். நாள் தவறினால் உரச் செலவும் கூலியும் வீணாகும். ஆகவே மாறி மாறி வரும் இந்த வானிலையைப் புரிந்துகொண்டு வேலைகளை வகுத்துக்கொள்வது அவசியம்.

இடி மழை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

கத்தரி வெயில் நாட்களில் சேலம் சமவெளி கடுமையாகச் சூடேறுகிறது. 2024 ஏப்ரலில் அங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியது. சூடேறிய காற்று மேலெழும்பும்போது வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் வரும் ஈரக் காற்று உள் மாவட்டங்களில் சந்திக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் மலை இக்காற்றை மேலும் உயரத் தள்ளுகிறது. மேலே சென்ற ஈரம் குளிர்ந்து இடி மேகமாகிறது.

இத்தகைய மேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். தனி மேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அது எந்தச் சரிவின் மேல் உருவாகிறதோ அங்கே கொட்டித் தீர்த்துவிடும். அதனால்தான் ஒரு ஓடைக்கு இப்பால் நனைந்தும் அப்பால் காய்ந்தும் கிடக்கிறது. பருவமழையைப் போல் இது ஊர் முழுவதற்கும் பொதுவாகப் பெய்வதில்லை.

வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிக்கையில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால், அப்பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகலாம் என்று பொருள். "ஒரு சில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. பல அல்லது அநேக இடங்கள் என்றால் 51 முதல் 75 வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல்.

எனவே "சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்ற அறிவிப்பைக் கேட்டு, நம் தோட்டத்தில் மழை நிச்சயம் என்று உரத்தைக் கொட்டிவிடலாகாது. நான்கில் மூன்று பங்கு இடங்கள் நனையாமலே போகக்கூடும். "பெரும்பாலான இடங்களில்" என்று அறிவித்தால் நம்பிக்கையோடு ஆயத்தமாகலாம்.

அளவைக் குறிக்கும் சொற்களும் அப்படியே. 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை பெய்வது இலேசான மழை. 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 64.5 மி.மீ. முதல் கன மழை. 115.6 மி.மீ. முதல் மிகக் கன மழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் வேலையை விட்டுப் பாதுகாப்பைத் தேட வேண்டும்.

ஐந்து நாள் அறிக்கையில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கான கணிப்பை அதிகம் நம்பலாம். நாள் தள்ளத் தள்ள உறுதி குறையும். ஆகவே கூலியாட்களை ஒரு வாரத்துக்கு முன்பே பேசி வைத்தாலும், மருந்து கலப்பதை அன்று காலை அறிக்கையைக் கேட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1-ஆம் தேதியையொட்டித் தொடங்குவது வழக்கம். அச்செய்தியைக் கேட்டதும் சேர்வராயனிலும் மழை நிலைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தாண்டும்போதே ஈரத்தில் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிடுகிறது. கோடை இடி மழை நின்று, பருவமழை வலுப்பெறும் முன் இங்கு வறண்ட இடைவெளி ஏற்படக்கூடும். அந்த இடைவெளியைத் தாங்குவதற்கான ஈரத்தை இப்போதே மண்ணில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துக்கு ஒரு மழைமானி

மாவட்ட அறிக்கை நம் தோட்டத்தில் பெய்த மழையைச் சொல்லாது. அதை நாமே அளக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய தகர டப்பா ஒன்று போதும். மரநிழலும் கூரைச் சாரலும் படாத திறந்த வெளியில், சாயாதபடி அதை நிறுத்தி வைக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவுகோலை உள்ளே விட்டு, நின்ற நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலை நிலையங்களிலும் காலை 8.30 மணிக்கே அளக்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். 25 மி.மீ. என்றால் ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் பார்த்தாலே, சிறு விவசாயி குடத்தாலும் குழாயாலும் ஈடு செய்ய முடியாததை ஒரு மழை செய்துவிடுகிறது என்பது விளங்கும்.

காப்பிக்கு எவ்வளவு மழை வேண்டும்?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலைக்கு வந்த காப்பி, அன்று முதல் இன்றுவரை கோடை மழையை நம்பியே பூக்கிறது. அராபிகா காப்பியின் மொக்குகள் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் 25 முதல் 40 மி.மீ. மழை கிடைத்தால் எட்டு, பத்து நாட்களில் பூக்கும். இதுவே பூ மழை. மழை போதாவிடில் மொக்குகள் இளஞ்சிவப்பாகி அரைகுறையாக நின்றுவிடும்.

பூத்த பின் ஏப்ரல், மே மாதங்களில் பரவலாக 50 முதல் 75 மி.மீ. மழை வேண்டும். பிஞ்சு நிலைப்பது இந்தப் பின்மழையால்தான். ஒரே நாளில் 60 மி.மீ. கொட்டி, பின் மூன்று வாரம் காய்வதைவிட, நான்கைந்து தடவையாகப் பிரிந்து பெய்வதே நல்லது. சரிவான நிலத்தில் ஒரே வீச்சில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஓடையில் சேர்ந்துவிடும்.

எனவே பூத்த நாளைக் குறித்து வைத்து, அன்று முதல் டப்பாவில் கிடைத்த மழையைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 50 மி.மீ.க்கு வெகுவாகக் குறைந்திருந்தால், நீர் வசதியுள்ளவர்கள் தெளிப்பு நீர் பாய்ச்சலாம். வசதியில்லாதவர்கள் செடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு இட்டு, களையை வெட்டி அங்கேயே பரப்பி, ஈரம் ஆவியாகாமல் காக்க வேண்டும்.

உரம் எப்போது?

பூத்த பின் இடும் உரத்தை மண் ஈரமாக இருக்கும்போதே இட வேண்டும். மேல்மண் நனைந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உருண்டையாகப் பிடிபட்டால் உரமிடலாம். உதிர்ந்தால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் தூவிய யூரியாவில் தழைச்சத்து ஆவியாகி வீணாகும். கன மழை அறிவிப்பு இருக்கும் நாளில் இட்டால் ஓடும் நீரோடு போய்விடும். மண் பரிசோதனைப்படி அளவைத் தீர்மானித்து, தூரிலிருந்து தள்ளி வட்டமாக இட்டு, சருகால் மூடுவது நலம்.

மருந்து தெளிப்பும் பயிர்ப் பாதுகாப்பும்

இலைத் துரு நோய்க்குப் பருவமழைக்கு முன், மே, ஜூன் மாதங்களில் 0.5 சதவீத போர்டோ கலவை தெளிக்க வேண்டும். 200 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, தெளிப்புச் சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்க வேண்டும். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை. கலந்த அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும்.

இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், பனி ஈரம் உலர்ந்த காலை வேளையே தெளிக்க ஏற்றது. கலவை இலையில் உலர்ந்து ஒட்டிவிட்டால் பின்னர் மழை வந்தாலும் எளிதில் கழுவப்படாது. உலருமுன் மழை வந்தால் உழைப்பு வீண்.

ஏப்ரல், மே மாதங்கள் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு பறக்கும் காலமும் ஆகும். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் இது முட்டையிடும். தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து நீக்கி, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ தெளிப்புச் சுண்ணாம்பு கரைத்து, தண்டிலும் தடித்த பக்கக் கிளைகளிலும் பூச வேண்டும். இடி மழையில் பூச்சு கரைந்துவிட்டால் மறுபடி பூச வேண்டும். மழை நிலைபெறும் முன் நிழல் மரங்களை ஒரேயடியாகக் கழிப்பது இந்த வண்டை வரவேற்பதாகும். முறிந்து விழும் நிலையில் உள்ள கிளைகளை மட்டும் இப்போது வெட்டினால் போதும்.

அறுவடையில் தவறி உதிர்ந்த பழங்களில் காய்த் துளைப்பான் ஒளிந்திருக்கும். கோடை மழை பட்டதும் அது வெளியேறிப் புதுக் காய்களைத் தேடும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பது செலவில்லாத பாதுகாப்பு.

சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளுக்கு, வாடல் நோய் வராமல் தடுக்க, பருவமழை தொடங்கும் முன் 1 சதவீத போர்டோ கலவையை இலைகளில் தெளித்து, 0.2 சதவீத காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலை வேர்ப்பகுதியில் ஊற்றலாம். வேரில் டிரைக்கோடெர்மா இட்டவர்கள் அதே இடத்தில் தாமிர மருந்து ஊற்றலாகாது. கொடியின் தூரில் நீர் தேங்காமல் வடிய வழி செய்ய வேண்டும்.

நீரையும் மண்ணையும் காத்தல்

காப்பி வரிசைகளுக்கிடையே, சரிவுக்குக் குறுக்காக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொட்டில் குழிகள் வெட்டினால் ஓடும் நீர் அங்கேயே தங்கும். பழைய குழிகளில் நிறைந்த மண்ணையும் சருகையும் வாரிச் செடிக்கு இட்டுவிட்டு, குழிகளை மீண்டும் ஆழமாக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலின் மிச்சம் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பெருமழைக்கான தற்காப்பு வேலையைக் கோடையிலேயே முடிக்க வேண்டும்.

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது பழமொழி. சாமை விதைக்கும் நிலத்தில் கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே செய்ய வேண்டும். முதல் இடி மழையின் ஈரத்தை நம்பி விதைத்துவிட்டால், முளை வந்த பின் வறட்சி தாக்கி விதை முழுவதும் போகும். கோடை ஈரத்தை உழவுக்குப் பயன்படுத்தி, விதைப்புக்கு ஜூன், ஜூலையில் மழை நிலைபெறக் காத்திருப்பது நலம்.

இடி மின்னல் எச்சரிக்கை

எல்லா நட்டத்தையும்விடப் பெரியது உயிர் நட்டம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடியாகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது; உடனே வேலையை நிறுத்தி உறுதியான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். உயர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்குவது பேராபத்து. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, அலுமினிய ஏணி ஆகியவற்றை விட்டு விலக வேண்டும். மிளகுக் கொடிக்காக ஏணி மேல் நிற்பவரை முதலில் இறக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். கைபேசி வைத்திருப்போர் "தாமினி" செயலி மூலம் அருகிலுள்ள மின்னலை அறியலாம்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. அதைக் கேட்டு அந்தந்த வார வேலையைத் திட்டமிடலாம். அன்றன்றைய முடிவுக்குத் தோட்டத்து டப்பாவில் நின்ற நீரும், ஒரு சாண் ஆழத்து மண்ணும் வழிகாட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் செயல்படும் விவசாயியின் உரமும் மருந்தும் உழைப்பும் வீண் போகா.

மேலும் விவரம் வேண்டுவோர் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ, சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, காப்பி வாரிய விரிவாக்க அலுவலர்களையோ அணுகலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் உழவர் அழைப்பு மையத்தைத் தமிழிலேயே கேட்டும் பயன் பெறலாம்.