பென் டிரைவில் ஒரு பிரவுசர்: உங்க டேட்டா எங்கே தங்குது?

இந்த எபிசோடுக்குக் காரணம் என் அக்கா. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க. வேற வேலை தேடிட்டு இருந்தாங்க, அது ஆபீஸ்ல யாருக்கும் தெரியக்கூடாது. நான்தான் ஒரு பென் டிரைவ்ல ஃபயர்பாக்ஸ் போர்ட்டபிள் போட்டு, "இதுல பாருக்கா, ஒரு தடயமும் இருக்காது"ன்னு கொடுத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் வேலூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல, டிரைவை ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே விட்டுட்டு வந்துட்டாங்க. பஸ்ல இருந்தே போன். "டேய், யாராவது எடுத்துத் திறந்தா என்னடா தெரியும்?"

எல்லாமே தெரியும். ஏன்னு சொல்றேன்.

சாதாரணமா இன்ஸ்டால் பண்ற பிரவுசர், தன் டேட்டாவை விண்டோஸ்ல உங்க யூசர் கணக்குக்குள்ள இருக்கிற 'ஆப் டேட்டா' ஃபோல்டர்ல வைக்கும். போர்ட்டபிள் பிரவுசர் அதைத் தன் பக்கத்துலயே, 'டேட்டா'ங்கிற ஃபோல்டர்ல வைக்கும். ஹிஸ்டரி, புக்மார்க், குக்கீ, பாஸ்வேர்ட் எல்லாம் அங்கதான். 2004-ல ஜான் ஹாலர் போர்ட்டபிள் ஃபயர்பாக்ஸை உருவாக்கினதே இதையெல்லாம் கையோட எடுத்துட்டுப் போகத்தான். டேட்டா இடம் மாறுதே தவிர, மறையறது இல்லை.

ஃபயர்பாக்ஸ் பாஸ்வேர்டைப் பூட்டித்தான் வைக்கும். ஆனா சாவியும் அதே ஃபோல்டர்ல இருக்கும். 'பிரைமரி பாஸ்வேர்ட்' வைக்கலைன்னா, டிரைவ் யார் கையில இருக்கோ அவங்க செட்டிங்ஸ்ல போய்ப் படிக்கலாம். அதை வச்சாலும் குக்கீ ஃபைலுக்குப் பூட்டு கிடையாது. லாகின் ஆகியிருக்கிற மெயில் பாஸ்வேர்ட் கேட்காமலே திறக்கும்.

சரி, கம்ப்யூட்டர்ல தடயமே இருக்காதா? இருக்கும். எந்த யுஎஸ்பி டிரைவ் செருகினாங்கன்னு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில பதிவாகும். எந்த புரோகிராம் ஓடுச்சுன்னு 'ப்ரீஃபெட்ச்' ஃபோல்டர்ல பெயர் நிக்கும். டவுன்லோட் பண்ணின பிடிஎஃப்பை அங்கேயே திறந்தா, 'ரீசன்ட்' பட்டியல்ல வரும். இதுபோக, நெட் ஆபீஸோடது. எந்த சைட்டுக்குப் போனீங்கங்கிறதை நெட்வொர்க்கைப் பார்த்துக்கிறவங்க பார்க்க முடியும். பிரவுசிங் சென்டர்லயும் இதே கதைதான். அங்கே பார்த்த சைட்களோட பட்டியலைக் குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு 2011-ல வந்த சைபர் கஃபே விதிகளே சொல்லுது.

அன்னைக்கு ராத்திரி அக்கா போன்ல இருந்தே மெயில் கணக்கோட 'டிவைஸஸ்' பக்கத்துக்குப் போய், அந்த பிரவுசரை சைன் அவுட் பண்ணினோம். பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தினோம். ஆனா ஹிஸ்டரியை வீட்டுல இருந்து அழிக்க வழியே இல்லை. எந்தெந்த கம்பெனிக்கு அப்ளை பண்ணினாங்கங்கிறது அதுலதான் இருந்தது.

மறுநாள் காலையில டிரைவ் செருகின இடத்துலயே இருந்தது. யாராவது பார்த்தாங்களான்னு அந்த டிரைவ் சொல்லாது. அடுத்த சில வாரம் மேனேஜர் கூப்பிட்டாலே அக்காவுக்குப் பக்குனு இருந்ததாம்.

போர்ட்டபிள் பிரவுசர் வேணும்னா மூணு விஷயம் பண்ணுங்க. பிரைமரி பாஸ்வேர்ட் வைங்க. மூடும்போதே குக்கீயும் ஹிஸ்டரியும் அழியற மாதிரி செட் பண்ணுங்க. முடிஞ்சா டிரைவையே என்கிரிப்ட் பண்ணுங்க. வேலை தேடறதுக்கு மட்டும் உங்க போன், உங்க டேட்டா பேக் போதும். அக்கா இப்போ அப்படித்தான் தேடறாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.