கரண்டு போச்சு, ரெக்கார்டிங் ஆரம்பம்!

ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். கோயம்புத்தூரில் படிக்கிறான். சட்டை கறுப்பு, பேண்ட் கறுப்பு, சித்திரை வெயிலிலும் அப்படித்தான். போட்டுக் கேட்டேன். டிக் டிக்கென்று டிரம் மட்டும் ஓடியது. பிறகு பேஸ் கிடார், கிணற்றுப் படியில் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கியது. இரண்டு நிமிஷம் போயும் பாடுகிறவனைக் காணோம். திண்ணையில் படுத்திருந்த எங்கம்மா எழுந்து உட்கார்ந்து, "யாருடா செத்துட்டாங்க?" என்றாள். பக்கத்து வீட்டுக் கோம்பை நாயும் கூடச் சேர்ந்து ஊளையிட்டது.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பாட்டே செத்துப்போனவரைப் பற்றியதுதான். 1931-ல் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி. பாடியது பௌஹவுஸ் என்ற இங்கிலாந்து பேண்டு. கோதிக் ராக் என்ற வகையே இந்தப் பாட்டில்தான் ஆரம்பிக்கிறது என்பார்கள்.

பாட்டு இருக்கட்டும், அது பதிவான கதைதான் எனக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. 1979 ஜனவரி 26. நம்ம பள்ளிக்கூடங்களில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அதே நாள்! வெலிங்பரோ என்ற சின்ன ஊரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. பேண்டு சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருக்கிறது. பேஸ் வாசித்தவரும் டிரம் அடித்தவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. பாடிய பீட்டர் மர்பிக்கு ஜலதோஷம். மூக்கடைத்த அந்தக் குரலோடு ஒன்பது நிமிஷத்துக்கு மேல் பாடி, ஒரே டேக்கில் ஓகே! அடுத்த வருஷம் முதல் ஆல்பம் வந்தபோது இந்தப் பாட்டை அதில் சேர்க்கவே இல்லை. எவ்வளவு திமிர் பாருங்கள்.

அதே 1979-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஜாய் டிவிஷன் என்ற இன்னொரு பேண்டு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஸ்டூடியோவின் லிப்ட் ஏறி இறங்குகிற சத்தத்தைப் பிடித்துப் பாட்டுக்குள் வைத்துவிட்டார். லிப்ட்டுக்கு ஒரு நன்றி கார்டு போட்டிருக்கலாம்.

"நம்ம பக்கம் இப்படியெல்லாம் எதுவும் நடந்ததே இல்லையா மாமா?" என்று மருமகன் போனில் கேட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "டேய் மாப்ள, நம்ம ஊர்ல தேவாரம் பஸ் ஏறுனா அடுத்தது எந்த ஊருடா?"

பண்ணைப்புரம்!

அங்கேயும் அண்ணன் தம்பிகள்தான் பேண்டு. பாவலர் வரதராசன், பாஸ்கர், ராசையா, அமர். கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடுகிற குழு. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தம்பி தொட்டால் கையில் அடி விழும். 1968-ல் அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பிள்ளைகளை மெட்ராஸ் அனுப்பினார். பாட்டுக் கேட்கிற பெட்டியை விற்றுவிட்டுப் பாட்டுப் போடக் கிளம்பியிருக்கிறார்கள்! மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ராசையா, பாக், பீத்தோவன் என்று மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர், மற்ற நேரத்தில் அடுத்தவர் பாட்டுக்குக் கிடார். இப்படியே வருஷங்கள் போயின.

எனக்கு ரொம்பப் பிடித்த சீன் இனிமேல்தான். கதாசிரியர் ஆர்.செல்வராஜ் ராசையாவைத் தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலத்திடம் கூட்டிப் போகிறார். கையில் கிடாரும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. எதிரில் ஒரு மேஜை. அதையே தபேலாவாக்கித் தட்டித் தட்டிப் பாடுகிறார். நெல் குத்துகிற பாட்டு வருகிறது, கல்யாண வீட்டுப் பாட்டு வருகிறது. பஞ்சு கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த மேஜை இப்போது எங்கே இருக்கும்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டிக்கெட் போட்டால் முதல் ஆளாக நிற்பேன். ஏ.எம்.ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததால், இவர் இளையராஜா ஆனதும் பஞ்சுவின் யோசனைதான்.

ரெக்கார்டிங் நாள் வந்தது. முதல் படம், முதல் பாட்டு, பாட எஸ்.ஜானகி தயார். வாத்தியக்காரர்கள் கையைத் தூக்குகிற நேரத்தில் கரண்டு போனது. ஸ்டூடியோ முழுக்கக் கும்மிருட்டு! சினிமாக்காரர்களுக்குச் சகுனம் என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்த இருட்டில் உட்கார்ந்திருந்த புது ஆளின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! கோதிக் ராக் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஸ்டூடியோ விளக்கை அணைத்து வரவழைக்கிற திகிலை நம்ம மின்வாரியம் சும்மாவே கொடுத்திருக்கிறது.

பஞ்சு அசரவில்லை. கரண்டு வந்தது, ஜானகி பாடினார். 1976 மே 14-ல் 'அன்னக்கிளி' வெளியானது. அதுவும் கறுப்பு வெள்ளைப் படம், மருமகன் கவனிக்க. டைட்டில் பாட்டுக்கு முன்னால் வரும் ஜானகியின் ஹம்மிங்கை ராத்திரியில் தனியாக, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். காதல் பாட்டுதான், ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி முதுகுத்தண்டில் ஓடும். அந்த வருஷம் ரேடியோ செட்டுக்காரர்கள் ரெக்கார்டைத் தேய்த்தே தீர்த்தார்கள் என்று எங்கம்மா இன்றைக்கும் சொல்வாள். பாவலர் மட்டும் அதைக் கேட்க இல்லை. தம்பியின் பெயர் திரையில் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

இவ்வளவையும் சொன்னேன். மருமகன் போனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் போல என்று நினைத்தேன்.

ஆடி பிறந்ததும் வந்து நின்றான். கூட அதே கறுப்பில் இரண்டு பேர். மேற்கே ராமக்கல்மெட்டுப் பக்கமிருந்து காற்று சீறிக்கொண்டு இறங்குகிற நேரம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனைத் துண்டில் சுற்றி வைத்துக் காற்றைப் பதிவு செய்தார்கள். பேஸ் கிடார் பையன் மூன்று தடவை தப்பு பண்ணினான். நாலாவது தடவை எல்லாம் கூடி வந்தபோது பக்கத்து வீட்டு நாய் ஆரம்பித்துவிட்டது. எங்கம்மா கீழேயிருந்து அதை அதட்டினாள். அந்த அதட்டலும் உள்ளே விழுந்துவிட்டது.

நாலு தலையும் ஒரே போனுக்கு மேல் கவிழ்ந்து திரும்பப் போட்டுக் கேட்டோம். காற்று, பேஸ், ஊளை, அப்புறம் தூரத்தில் ஒரு கிழவியின் குரல்.

"மாமா," என்றான் மெதுவாக, "நாயையும் அம்மாச்சியையும் எடுக்க வேணாம். அப்படியே இருக்கட்டும்."