செருப்பைக் கழற்றச் சொல்லும் செவிலியர்

விரல் நீளம்கூட இல்லாத ஒரு நைலான் இழை. அதை ஒரு கைப்பிடியின் நுனியில் பொருத்தியிருப்பார்கள். நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கால் பெருவிரலின் அடியிலும் முன்பாதத்திலும் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்துவார் செவிலியர். வளையும்போது பாதத்தில் இறங்கும் விசை 10 கிராம். “படும்போது சொல்லுங்க” என்பார். நோயாளி சொல்லிவிட்டால் நல்லது. இழை வளைந்து நிமிர்ந்த பிறகும் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அந்தக் காலில் முள் ஏறினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

மோனோஃபிலமென்ட் எனப்படும் இந்தச் சோதனை உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்யப்படுகிறது. இதன் பின்னணியில் நம் மண்ணின் கதை ஒன்று உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய்தான் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று நம்பப்பட்ட காலம் அது. வலி உணர்வு போனபின், சூடும் சிராய்ப்பும் தெரியாமல் படும் காயங்களே விரல்களையும் பாதங்களையும் பெரும்பாலும் அழிக்கின்றன என்பதை அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்பட்டது. பாதத்தைக் காக்கும் உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதற்கு 10 கிராம் என்ற அளவை 1986இல் முன்வைத்தவர்கள் பர்க், சிம்ஸ் என்ற கார்வில் ஆய்வாளர்கள். தொழுநோய்க் காலும் சர்க்கரைக் காலும் உணர்வை இழந்தபின் ஒரே வழியில்தான் கெடுகின்றன.

இந்த இழையைக் கையில் வைத்துக்கொண்டு கோடியக்கரையை நினைத்துப் பாருங்கள். காவிரி டெல்டாவின் நெல்வயல்கள் முடிந்து, கடலுக்குள் நீண்டு நிற்கும் மூக்கு அது. ஒரு பக்கம் வெளிமான்களும் பூநாரைகளும் வாழும் சரணாலயம், இன்னொரு பக்கம் மீனவர் குடியிருப்பு. அகத்தியம்பள்ளி தொடங்கிப் பரந்து கிடக்கின்றன வேதாரண்யத்து உப்பளங்கள். பாத்தியில் உப்பு வாருகிறவரின் கால் நாள் முழுக்க உப்புநீரில் ஊறுகிறது. தோல் தடித்து வெடிக்கிறது, வெடிப்புக்குள் உப்பு இறங்குகிறது. உணர்வுள்ள காலுக்கு அது பெரும் எரிச்சல். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலுக்கோ எரிச்சலே இல்லை. “இப்பல்லாம் கால் எரியறதில்லம்மா” என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னால், அனுபவமுள்ள செவிலியர் உடனே செருப்பைக் கழற்றச் சொல்வார். மருத்துவரின் மேசைக்கு எதிரே இரண்டு நிமிடம் உட்காரும்போது இந்தப் பேச்சு பெரும்பாலும் வருவதில்லை. அது வீட்டுத் திண்ணையில்தான் வருகிறது.

நீடித்த நோய்களைப் பற்றிய செவிலியர் ஆராய்ச்சி முழுவதும் இந்தத் திண்ணையைப் பற்றியதுதான் என்பேன். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பார்பரா ரீகலும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட சுயபராமரிப்புக் கோட்பாடு, நோயாளி தானே செய்யும் வேலையை மூன்றாகப் பிரிக்கிறது: உடலை நிலையாக வைத்திருப்பது, மாற்றத்தைக் கவனிப்பது, மாற்றம் வந்தால் தக்கபடி நடந்துகொள்வது. மாத்திரையைத் தவறாமல் போடுவது முதல் வேலை. நம் ஆஸ்பத்திரிகளில் சொல்லித் தருவது பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும்தான் கடினம்.

கடலுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே படகு கிளம்பிவிடும். சாப்பாடு எப்போது என்பது வலையையும் காற்றையும் பொறுத்தது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வலை இழுத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும். கரையில் என்றால் யாராவது ஓடி வருவார்கள், நடுக்கடலில் யார் வருவது? படகில் ஒரு டப்பாவில் சர்க்கரை வைத்துக்கொள்வது, நடுக்கம் தெரிந்த உடனே அதில் மூன்று தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, கூட வருகிறவரிடம் “எனக்கு இப்படி ஆகும்” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது ஆகிய மூன்றையும் அவரவர் தொழிலுக்கு ஏற்றபடி பேசிப் புரியவைப்பது செவிலியரின் வேலை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்று அச்சடித்துத் தரும் தாளால் இவருக்குப் பயன் இல்லை.

இப்படி ஒருவர் கூடவே இருந்தால் பலன் உண்டா என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 மருத்துவமனைகளில், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையுள்ள 1,146 பேரை வைத்து நடந்த கார்ஸ் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு, மருத்துவர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரும், மருத்துவருக்கு நினைவூட்டும் மின்னணுப் பதிவேடும் கூடுதலாகக் கிடைத்தன. சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து இலக்குக்குள் வந்தவர்கள் முதல் பிரிவில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 18.2 சதவீதம். இரு மடங்குக்கும் மேல். இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தத் திசையில்தான் அடி வைத்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில், மாநிலத்தின் சர்க்கரை நோயாளிகளில் 100க்குச் சுமார் 11 பேருக்குத்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் அது சுமார் 17 ஆனது. முன்னேற்றம்தான், மனதாரப் பாராட்டலாம். ஆனால் இன்னும் 83 பேர் வெளியே நிற்கிறார்கள். மாத்திரை வாசல் வரை வந்துவிட்டது. அதன்பின் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கப் பயிற்சியும் நேரமும் உள்ள செவிலியர் வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பதில் இன்சுலினும் ஒன்று. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானைதான் அதன் இருப்பிடம்: ஈர மணல் நிரப்பிய பெரிய பானை, நடுவே சிறு கலயம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32, 37 டிகிரியில் 28 நாள் வைத்திருந்த இன்சுலின் 14 முதல் 18 சதவீதம் வீரியம் இழந்திருந்தது. ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வோ வேறு மாதிரி சொல்கிறது. கென்யாவின் ஓர் அகதி முகாமில் உள்ளபடி, 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் கெடவில்லை என்பது அவர்கள் கண்டது. இந்த இரண்டுக்கும் நடுவே கோடியக்கரைப் பானை எங்கே நிற்கிறது? நீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் பானை உள்நாட்டில் குளிரும் அளவுக்கு இங்கே குளிராது. கலயத்துக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, பங்குனி முதல் ஆவணி வரை குறித்துவந்தாலே விடை கிடைத்துவிடும். ஒரு கிராமச் செவிலியர் செய்யக்கூடிய ஆராய்ச்சி இது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் இந்தக் கரையை அடித்துப்போட்ட பிறகு, மின்சாரம் இல்லாமல் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பெட்டி இருந்த வீடும் இல்லாத வீடும் அன்று ஒன்றுதான். பானையைப் பற்றித் தெரிந்திருப்பது இங்கே எல்லோருக்கும் தேவை.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஐப்பசி தொடங்கி மாசி, பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு கோடியக்கரையில் வந்து தங்கித் தொழில் செய்கிறார்கள். மாத்திரை வழங்கும் பட்டியல் சொந்த ஊர் வீட்டு விலாசத்தில் இருக்கிறது, ஆளோ இங்கே தற்காலிகக் கொட்டகையில். இந்தச் சில மாத இடைவெளியில் மாத்திரை நின்றுபோனால் மீண்டும் தொடங்குவது கடினம். சீசன் மாதங்களுக்கு மட்டுமாவது இங்கே கூடுதலாக ஒரு செவிலியரைச் சுகாதாரத் துறை அமர்த்த வேண்டும். ஊர்ப் பட்டியலை இங்கேயே பார்க்கும் வசதி, ஒரு குளுக்கோமீட்டர், ஒரு 10 கிராம் இழை ஆகியவை அவர் கையில் இருக்க வேண்டும். எத்தனை பேரின் கால் தப்பியது என்று அவர் எழுதிவைக்கும் கணக்கை ஆராய்ச்சியாக மதித்து வெளியிடவும் வேண்டும்.